போர்க்களத் தகவல் அமைப்பில் சேவைசார் கட்டமைப்பு எதுவரை செல்லலாம்? நான்கு வழிகளின் ஒப்பீடு

சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு தரைப்படை பிரிகேடில் பீரங்கிக்கு ஒரு கணினி அமைப்பு, வான் பாதுகாப்புக்கு இன்னொன்று, உளவுத் தகவலுக்கு வேறொன்று, எரிபொருளும் வெடிபொருளும் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்று கணக்கு வைக்க மற்றொன்று எனத் தனித்தனியே வாங்கிய அமைப்புகள் அருகருகே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு நிறுவனம் எழுதியது. ஒரு திரையில் தெரியும் நட்புப்படை வாகனம் பக்கத்து மேசைத் திரையில் தெரியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். இவற்றை எந்த முறையில் பிணைப்பது என்பதுதான் இங்கே எடுக்க வேண்டிய முடிவு.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. முதலாவது, ஒவ்வொரு பிட்டுக்கும் முன்கூட்டியே பொருள் வரையறுத்த நிலையான செய்தி வடிவங்கள். இரண்டாவது, எல்லாத் தலைமையகங்களிலும் ஒரே தரவுத்தளத்தின் நகலை வைத்து, மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை. மூன்றாவது, வணிக உலகிலிருந்து வந்த சேவைசார் கட்டமைப்பு: ஒவ்வொரு அமைப்பும் தன்னால் இயன்றதை ஒரு சேவையாக அறிவிக்கும், தேவைப்படுபவர் கேட்டுப் பெற்றுக்கொள்வார். நான்காவது, தகவல் உள்ளவர் வெளியிட, வேண்டியவர் சந்தாதாரராக இருந்து பெறும் முறை.

இவற்றை மதிப்பிட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வதற்காக யார் ரேடியோவில் பேச வேண்டியிருக்கிறது? இணைப்பு அறுந்த பிறகு திரை எதைக் காட்டுகிறது, காட்டுவது பழையது என்பதை அது ஒப்புக்கொள்கிறதா? ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு புதிய கருவியைச் சேர்க்க எத்தனை பேரின் ஒப்புதல் வேண்டும்? கொள்முதல் ஆவணங்களில் மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக இடம் கிடைக்கிறது. முதல் கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. உயிரிழப்பு நேர்வது அந்த முதல் கேள்வியில்தான்.

சேவை முறை ஏன் கவர்ந்தது

அமெரிக்கக் கடற்படையின் ஆர்தர் செப்ரோவ்ஸ்கியும் ஜான் கார்ஸ்ட்காவும் வலையமைப்பை மையமாகக் கொண்ட போர்முறை பற்றிய கட்டுரையை 1998 ஜனவரியில் வெளியிட்டார்கள். தகவல் ஒவ்வொரு ஆயுதத்தின் கூண்டுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்காமல் எல்லோருக்கும் பொதுவாக ஓட வேண்டும் என்பது அதன் சாரம். 2003 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தரவு உத்தியை அறிவித்தபோது, தகவலை முதலில் எல்லோர் பார்வைக்கும் வைத்துவிடு, ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும் என்ற எண்ணம் கொள்கையாகவே ஆனது. அதே 2003 ஜூனில்தான் சோப் என்னும் செய்தி உறையின் 1.2 பதிப்பு இணையத் தர அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. வங்கிகளும் விமான நிறுவனங்களும் அப்போது தங்கள் பழைய கணினிகளை அந்த உறைகளால் பிணைத்துக்கொண்டிருந்தன. இராணுவமும் அதே கடையில் வாங்கலாம் என்று நினைத்ததில் வியப்பில்லை. 2005இல் நேட்டோவின் வலையமைப்புத் திறன் பற்றிய சாத்தியக்கூறு ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது.

கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருந்தது. பத்து அமைப்புகளை இரண்டிரண்டாக நேரடியாகப் பிணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். போக, வர என்று பார்த்தால் 90 மொழிபெயர்ப்புத் துண்டுகள். பதினோராவது அமைப்பு வந்தால் இன்னும் இருபது. ஒவ்வொரு அமைப்பும் தன் சேவைக்கு ஒரே ஓர் ஒப்பந்தத்தை (எதைக் கேட்டால் எந்த வடிவில் பதில் வரும் என்ற வரையறையை) வெளியிட்டு, மற்றவை அதைப் படித்துக்கொண்டால், பதினோராவது அமைப்பு ஓர் ஒப்பந்தத்தோடு உள்ளே வந்துவிடும். பீரங்கி அமைப்பு, இந்த ஆயத்தொலைவைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் நம்மவர் இருக்கிறார்களா என்று நட்புப்படை இருப்பிடச் சேவையைக் கேட்கும், பதில் வரும், அதற்குப் பிறகு சுடும். கேட்பவருக்கு அந்தச் சேவை எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்தச் சர்வரில் ஓடுகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

தலைமையகத்துக்குள் இது நன்றாகவே வேலை செய்யும். ஆப்கானிஸ்தானில் பல நாடுகள் தங்கள் தங்கள் வலையமைப்புகளோடு வந்து, பக்கத்து நாட்டுப் படையின் செய்தியைப் பார்க்க முடியாமல் தவித்தபின், 2010இல் பொதுவான பணி வலையமைப்பு ஒன்று செயல்படத் தொடங்கியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நேட்டோவின் கூட்டுப்பணி வலையமைப்பு விதிகள் இன்றும் சேவைகளையே அலகாகக் கொண்டு எழுதப்படுகின்றன: இருப்பிடம், வரைபடம், அரட்டை, அஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம். இரு பாதுகாப்புத் தளங்களுக்கு நடுவே நிற்கும் காவல் கருவிக்கும் இது வசதி. ஒவ்வொரு புலத்துக்கும் பெயர் எழுதிய எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவச் செய்தியாக இருந்தால், எந்தப் புலம் வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று அதனால் பிரித்துப் பார்க்க முடியும். இரகசிய முத்திரையை எப்படி எழுதுவது, தரவோடு எப்படிக் கட்டுவது என்பதற்கு நேட்டோவின் 4774, 4778 என்ற இரண்டு தர உடன்பாடுகளே இருக்கின்றன. கண்ணாடி இழைக் கேபிளும் மின்சாரமும் இருக்கும் இடத்தில் சேவைசார் கட்டமைப்பை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ரேடியோவின் கணக்கு

சிக்கல் கேபிள் முடியும் இடத்தில் தொடங்குகிறது. கம்பெனி, பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவுகளுக்கு அமெரிக்கத் தரைப்படை பல பத்தாண்டுகள் பயன்படுத்திவரும் சிங்கார்ஸ் ரேடியோவை எடுத்துக்கொள்வோம். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தில் அது இயங்குகிறது. தரவுக்கு அதன் உச்ச வேகம் விநாடிக்கு 16,000 பிட். அந்தத் தடம் ஒரு வலையில் உள்ள எல்லோருக்கும் பொது. ஒருவர் அனுப்பும்போது மற்றவர் அனுப்ப முடியாது. குரல் அழைப்பு வந்தால் தரவு ஒதுங்கி நிற்க வேண்டும்.

பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு பட்டாலியனில் 80 வாகனங்கள், ஒவ்வொன்றும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோப் உறையில், பெயர்வெளி அறிவிப்புகளும் தலைப்புகளும் சேர்ந்து ஒரு செய்தி 1,500 பைட் என்றால், மொத்தம் விநாடிக்கு 32,000 பிட் ஆகிறது. தடத்தின் உச்ச வேகத்தைப் போல இரண்டு மடங்கு. இதில் இலக்கமுறைக் கையொப்பமோ சான்றிதழோ இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் இது பல மடங்காகும். அதே செய்தியில் உண்மையில் தேவைப்படுவது என்ன? அட்சரேகைக்கு 4 பைட், தீர்க்கரேகைக்கு 4, உயரத்துக்கு 2, நேரத்துக்கு 4, வாகன எண்ணுக்கு 4, வகைக்கு 2: ஆக 20 பைட். இணைய நெறிமுறையின் மிகச் சிக்கனமான தலைப்புகள் 28 பைட்டையும் சேர்த்தால் 48. எண்பது வாகனங்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 1,024 பிட் போதும். ஒரே தகவல்; ஒன்று தடத்துக்குள் அடங்கவே அடங்காது, மற்றொன்று பதினைந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

இதைப் பார்த்ததும், சுருக்கினால் போதுமே என்ற எண்ணம் வரும். 2011இல் இணையத் தர அமைப்பு ஏற்ற எக்ஸி என்ற இருமச் சுருக்கம், செய்தியின் இலக்கணத்தை இரு முனைகளும் முன்பே அறிந்திருந்தால், எக்ஸ்எம்எல்லைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவருவது உண்டு. ஆனால் சுருக்கம் செய்தியின் அளவைத்தான் குறைக்கும், உரையாடல் போய்வரும் தடவைகளைக் குறைக்காது. ஒரு கேள்வி கேட்பதற்கு முன் இரு கணினிகளும் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் டிசிபி நெறிமுறையின் கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, அதன் மேல் மறையாக்கத்துக்கான பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் இன்னும் இரண்டு சுற்று, பிறகுதான் கேள்வி, அதன் பிறகு பதில். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு சுற்றுக்குச் சுமார் அரை விநாடிக்கு மேல் ஆகும். கேள்வி கிளம்புவதற்கே ஒன்றரை விநாடி போய்விடும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் ரேடியோவில் இன்னும் மோசம். அதோடு, தரவுப் பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்வது டிசிபியின் வழக்கம். மலை மறைத்ததால் தொலைந்த பொட்டலத்துக்கும் அது அதே வைத்தியத்தைத்தான் செய்யும்.

அளவையும் தாமதத்தையும் விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. கேட்டுப் பெறும் முறையில் கேட்பவர் அலைபரப்பியே ஆக வேண்டும். காட்டுக்குள் மறைந்து நிற்கும் கண்காணிப்புக் குழு, தன்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக ரேடியோவை இயக்கினால், எதிரியின் திசை காணும் கருவிக்குத் தன் இடத்தைத் தானே சொல்லிக்கொடுத்ததாகும். சேவைகளைக் கண்டறியும் நெறிமுறைகள் இன்னும் ஆபத்தானவை. எங்கே இருக்கிறாய், இங்கே இருக்கிறேன் என்று பயனர் எதுவும் கேட்காதபோதும் அவை தாமாகவே கூவிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் அச்சுப்பொறியைக் கண்டுபிடிக்க அது நல்ல ஏற்பாடு. களத்தில் அதற்குப் பதில் குண்டாக வரும்.

பழைய வழிகள் எதைச் சரியாகச் செய்தன

நிலையான செய்தி வடிவத்துக்கு, நேட்டோ நாடுகளின் போர் விமானங்கள் பயன்படுத்தும் லிங்க் 16 என்ற தரவு இணைப்பு மிகத் தெளிவான சான்று. 960 முதல் 1,215 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், நேரத்தை 7.8125 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, 12 விநாடி கொண்ட ஒரு சட்டகத்தில் 1,536 துண்டுகளைப் பங்கிட்டுக்கொடுக்கும் முறை அது. யாருக்கு எந்தத் துண்டு என்பது பறப்பதற்கு முன்பே திட்டமிடப்பட்டிருக்கும். ஒரு போர் விமானம் தன் துண்டு வரும்போது இருப்பிடத்தையும் எரிபொருள் நிலையையும் சொல்லும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அலைபரப்பாமல் கேட்பவராக மட்டும் இருக்கவும் வழி உண்டு. என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேறெந்த வழியிலும் கிடைக்கவில்லை.

மூன்றாவது கேள்வியில் அது தோற்கிறது. ஒரு புதிய வகைச் செய்தி வேண்டுமென்றால் நாடுகள் கூடிப் பேசி, தர ஆவணத்தைத் திருத்தி, ஒவ்வொரு விமானத்தின் மென்பொருளையும் மாற்றி, மறுபடி சோதிக்க வேண்டும். ஆண்டுகள் பல ஓடிவிடும். சிறு ஆளில்லா விமானம் அனுப்பும் ஒரு படத்தையோ, காயமுற்றவரின் இரத்த வகையையோ அந்தப் பிட் அட்டவணைக்குள் எளிதில் நுழைக்க முடியாது. தரைப்படைக்கான மாறும் நீளச் செய்தி வடிவம் இதில் கொஞ்சம் நெகிழ்வானது. தேவையில்லாத புலங்களை ஒரு பிட் அடையாளத்தோடு விட்டுவிடலாம். ஆயினும் பொருளை முன்கூட்டியே பூட்டிவைக்கும் குணம் அதற்கும் உண்டு.

2003இல் ஈராக்குக்குள் நுழைந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் பொருத்தப்பட்டிருந்த நட்புப்படைத் தடங்காட்டியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். செயற்கைக்கோள் வழித் தடம் குறுகியது என்பதை அறிந்தே அது வடிவமைக்கப்பட்டது. ஒரு தரை வாகனம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது 800 மீட்டர் நகர்ந்தால், தன் இருப்பிடத்தைச் சொல்லும். இன்று பார்த்தால் நகைப்பாகத் தோன்றும் மெதுவான வேகம். ஆனால் அந்தத் திரைகளைத்தான் தளபதிகள் நம்பினார்கள், ஏனென்றால் அவை வேலை செய்தன.

இரண்டாவது வழியை, அதாவது நகல் தரவுத்தளத்தை, விரைவாகவே கடந்துவிடலாம். 1998இல் உருவான பலநாட்டு ஒருங்கியங்கு திட்டம், கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் தேவையான எல்லாவற்றையும் ஒரே தரவு மாதிரியில் அடக்க முயன்றது. இணைப்பு அறுந்தாலும் உள்ளூர் நகல் கையில் இருக்கும் என்பது அதன் பெரும் பலம்; என் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை அதில் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான உருப்பொருள்களைக் கொண்ட அந்த மாதிரியை முழுதும் புரிந்துகொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் ஐயம். எல்லா நாடுகளும் ஒரே பதிப்பில் நின்றால்தான் நகல்கள் பேசிக்கொள்ளும். அறுந்த இணைப்பு மீண்டும் வந்ததும், விடுபட்ட மாற்றங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்து குறுகிய தடத்தை அடைத்துவிடும். அந்தத் திட்டமே பின்னாளில் மாதிரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பரிமாற்றத்தைச் சேவை முறைக்கு மாற்றிக்கொள்ளும் பக்கம் நகர்ந்தது. பிரிகேடுக்கு மேலே, நாடுகளுக்கு இடையே, அந்தத் தரவு மாதிரியின் சொற்பொருளை எடுத்துக்கொள்ளலாம். நகலெடுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் கட்ட முயன்றபோது

சேவை எண்ணத்தைப் பிரிகேடிலிருந்து கடைசி வீரர்வரை ஒரே துணியாக விரிக்க முயன்ற மிகப் பெரிய முயற்சி, அமெரிக்கத் தரைப்படையின் எதிர்காலப் போர் அமைப்புத் திட்டம். வாகனங்கள், ஆளில்லா விமானங்கள், உணரிகள் எல்லாம் ஒரே பொது இயங்குசூழலின் மேல் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகக் கணக்குப்படி, 2003இல் 3.4 கோடி வரிகள் என மதிப்பிடப்பட்ட மென்பொருள் 2008க்குள் 9.5 கோடியாகப் பெருகியது. 2009இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் திட்டத்தை நிறுத்தினார்.

அந்தத் தோல்வியைச் சேவைசார் கட்டமைப்பின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வாகனங்களின் கவசம், எடை, செலவு என்று காரணங்கள் பல. ஆனால் இந்த ஒப்பீட்டுக்குத் தேவையான காரணம் ஒன்று இருக்கிறது: அந்த மென்பொருள், தான் ஓடவிருந்த ரேடியோ பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. தரை வாகனங்களுக்கென வடிவமைத்த அகன்ற பட்டை மென்பொருள் ரேடியோ வந்தால் இவையெல்லாம் ஓடும் என்று நம்பினார்கள். அந்த ரேடியோ திட்டமும் 2011இல் கைவிடப்பட்டது. குழாய் வருவதற்கு முன் தண்ணீர்த் தொட்டிக்கு அளவெடுத்த கதை.

நேட்டோவின் ஆய்வுக் குழுக்கள் இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வந்தன. முதலில் கெட்ட வலையமைப்பை எடுத்துக்கொண்டு, அதில் சேவை எவ்வளவு தாங்கும் என்று அளந்தார்கள். நலிந்த வலைகளில் சேவைசார் கட்டமைப்பின் சவால்கள் என்று ஒரு குழு, அதே வலைகளுக்கான பரிந்துரைகள் என்று அடுத்த குழு, பலவகை ரேடியோக்கள் கலந்த வலைகளில் அடிப்படைச் சேவைகள் என்று மற்றொரு குழு. நார்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இவற்றில் முன்னின்றது. அவர்களுடைய யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எளிமையானது: வணிக மென்பொருளைத் தொடாமல் விட்டுவிட்டு, அதற்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு பதிலி மென்பொருளை வைப்பது. மென்பொருள் வழக்கம்போல் சோப்பில் பேசும். பதிலி அதைச் சுருக்கி, இணைப்பு இல்லையென்றால் பிடித்துவைத்து, வந்ததும் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் சோப்பாக விரித்துக் கொடுக்கும். கைகுலுக்கல்கள் எல்லாம் கேபிளின் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

வெளியீடும் சந்தாவும்

நான்காவது வழியில் இரண்டு கிளைகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 2004இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட டிடிஎஸ், நடுவில் யாரும் இல்லாமல் வெளியிடுபவரும் பெறுபவரும் நேராகப் பிணையும் முறை. இந்தத் தரவு எத்தனை மில்லி விநாடிக்குள் வர வேண்டும், எவ்வளவு நேரம் செல்லுபடியாகும், தாமதமாகச் சேர்ந்தவருக்கும் கடைசி மதிப்பைக் கொடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். போர்க்கப்பல்களின் ஆயுத அமைப்புகளில் அது நன்றாக வேரூன்றிவிட்டது. பிரிட்டன் தன் கவச வாகனங்களுக்கான பொதுக் கட்டமைப்புத் தரமான 23-009இல் அதையே எடுத்துக்கொண்டது, நேட்டோவும் 4754 என்ற உடன்பாட்டின் வழியே பின்தொடர்ந்தது. ஒரு வாகனத்துக்குள் இருக்கும் உணரி, திரை, ஆயுதக் கோபுரம் ஆகியவற்றைப் பிணைக்க வேறெதையும் தேட வேண்டாம் என்பேன். ஆனால் வாகனத்துக்கு வெளியே, ரேடியோ மேல், அதே டிடிஎஸ்ஸை அப்படியே விரித்தால் பங்கேற்பாளர்கள் ஒருவரையொருவர் கண்டறியும் கூச்சலே தடத்தை விழுங்கிவிடும்.

மற்றொரு கிளை எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை. 1999இல் எண்ணெய்க் குழாய்களின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் குறைந்த செலவில் அனுப்புவதற்காகப் பிறந்தது. நிலையான தலைப்பு இரண்டே பைட்டில் தொடங்குகிறது. இங்கே நடுவில் ஒரு தரகர் சர்வர் உண்டு. ஒருமுறை இணைந்துவிட்டால், சந்தாதாரர் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதில்லை. இணைப்பு அறுந்தால் தன் சார்பாக என்ன அறிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடவும் செய்யலாம். குறைகள் இரண்டு: தரகர் விழுந்தால் எல்லோரும் ஊமையாவார்கள், அடியில் டிசிபிதான் என்பதால் மேலே சொன்ன நோய்கள் அதற்கும் உண்டு. அரை விநாடி தாமதத்தைத் தாங்கும் செயற்கைக்கோள் இணைப்பில் நான் அதைத் தயங்காமல் வைப்பேன். கம்பெனியின் குரல் ரேடியோவில் வைக்க மாட்டேன்.

கடைசி அடுக்கில் என்ன ஓடும் என்பதைச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவி காட்டிக்கொடுத்தது. அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் 2010 வாக்கில் தொடங்கிய டாக் என்ற ஆண்ட்ராய்டு செயலி, கர்சர் ஆன் டார்கெட் என்ற ஒரு சின்னஞ்சிறு செய்தி உடன்பாட்டைப் பயன்படுத்துகிறது. என்ன, எங்கே, எப்போது: அவ்வளவுதான் அதன் கரு. அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தால் ஓர் அடையாளம், ஒரு வகைக் குறியீடு, அட்சம், தீர்க்கம், உயரம், அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதற்கு இரண்டு எண்கள், பிறகு மூன்று நேரங்கள் இருக்கும். செய்தி உருவான நேரம், செல்லுபடியாகத் தொடங்கும் நேரம், ஊசிப்போகும் நேரம். மூன்றாவதை நான் வேண்டுமென்றே இப்படி மொழிபெயர்க்கிறேன். சோறு ஊசிப்போவதுபோல இருப்பிடமும் ஊசிப்போகும். அந்த நேரம் கடந்தால் திரையில் அந்தக் குறி மங்கிப்போகும். யாரிடமும் கேட்காமலே, ரேடியோவைத் தொடாமலே, இது பழசு என்று கருவி தானாகச் சொல்லிவிடும். என் இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு புலம் தந்த விடை அது. முதலில் எக்ஸ்எம்எல்லாக இருந்த அந்தச் செய்தி, பின்னர் கூகுளின் புரோட்டோபஃப் என்ற சிக்கனமான இரும வடிவிலும் அனுப்பப்பட்டது. பொருள் மாறவில்லை, உறை மட்டும் மாறியது.

உக்ரைனில் 2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்பு தொடங்கிய அதே காலையில், கேஏ-சாட் செயற்கைக்கோளின் மோடங்கள் இணையத் தாக்குதலால் முடக்கப்பட்டன. தொலைவில் உள்ள சர்வர்களில், அதாவது கணினி மேகத்தில், இருக்கும் சேவையை மட்டும் நம்பிய பிரிவு அன்று குருடாகத்தான் இருந்திருக்கும். அந்நாட்டுப் பீரங்கிப் படையினரிடம் பரவியிருந்த க்ரோபிவா என்ற செயலியில் வரைபடம் பலகைக் கணினியிலேயே இருந்தது; வலை இல்லாவிட்டாலும் சுடும் கணக்கைப் போட முடிந்தது. அதே நாடு மேலடுக்கில் டெல்டா என்ற மேக அமைப்பை வளர்த்தது. எதிரியின் ஏவுகணை எட்டாதபடி அதன் சர்வர்களை நாட்டுக்கு வெளியே வைக்க 2023 பிப்ரவரியில் அரசு அனுமதித்தது. மேலே சேவை, கீழே தன் காலில் நிற்கும் செயலி என்ற பிரிவினை, நெருக்கடியின் நடுவில் உருவானதால் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

முடிவு எங்கே நிற்கிறது

ஆகவே, சேவைசார் கட்டமைப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல மறுக்கிறேன். எந்தப் படிநிலையில் கேட்டுப் பெறுவதை நிறுத்துவது என்பதுதான் கேட்க வேண்டியது. பட்டாலியன் தலைமையக வாகனத்தில் அந்தக் கோட்டைப் போடுவேன். அதற்கு மேலே, பிரிகேடுக்கும் டிவிஷனுக்கும் கூட்டணி நாடுகளுக்கும், முழுமையான சேவைகள், கையொப்பத்தோடும் முத்திரையோடும். பட்டாலியனுக்கும் கம்பெனிக்கும் இடையே தகவல் தானாக இறங்கும், தானாக ஏறும். யாரும் கேட்க மாட்டார்கள். வாகனத்துக்குள்ளே டிடிஎஸ். மூன்று அடுக்குக்கும் பொதுவாக இருப்பது ஒப்பந்தம் மட்டும்: இருப்பிடம் என்றால் என்ன, எப்போது ஊசிப்போகும், வகைக் குறியீடு எது என்ற சொற்பொருள். பிரிகேடில் அது எக்ஸ்எம்எல்லாக இருக்கலாம், கம்பெனியில் 20 பைட்டாக இருக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கேட்க முடியாதவருக்கு எது தேவைப்படும் என்பதை மேலே இருப்பவர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். தவறாக ஊகித்தால் கம்பெனித் தளபதிக்கு வேண்டாத இருபது குறிகள் வரும், வேண்டிய ஒன்று வராது. அப்போது அவர் குரலில் கேட்பார், கேட்கட்டும். எதற்காக வாயைத் திறப்பது என்ற முடிவு அவர் கையில் இருக்க வேண்டும், மென்பொருளின் கையில் அல்ல.

கோட்டை எப்போது கீழே நகர்த்துவேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி அளவில் விநாடிக்குப் பல இலட்சம் பிட் தரும், எளிதில் கண்டுபிடிக்க முடியாத ரேடியோ கையில் வந்து, களத்தில் ஓர் ஆண்டு ஓடியபின் நகர்த்தலாம். விற்பனையாளரின் விளக்கப் படத்தில் வந்ததற்காக நகர்த்தக்கூடாது. தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் பட்டாலியனுக்குப் பெரும் அகலத்தைக் கொடுத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தச் சேவையின் சாவி பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, முனையமும் அலைபரப்பும் கருவிதான்.

ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர்களுக்கு இரண்டு கோரிக்கைகள் போதும் என்று நினைக்கிறேன். ஒன்று, ஏற்புச் சோதனையை ஆய்வகத்தின் ஈதர்நெட் கேபிள் வலையில் நடத்தாமல், உண்மையான ரேடியோவில், பொட்டலங்கள் பெருமளவு தொலையும் நிலையில், குரல் போக்குவரத்து குறுக்கிடும்போது நடத்த வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சேவைக்கும் மௌன நிலை ஒன்று இருக்க வேண்டும்: அலைபரப்பியை அணைத்தபின் எது எது இன்னும் வேலை செய்கிறது என்று நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் அந்த மென்பொருள் தலைமையகக் கூடாரத்தைத் தாண்டக்கூடாது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கோட்டின் மேல் நிற்கும் அந்தப் பட்டாலியன் வாகனம்தான். மேலே சேவையாக இருப்பதைக் கீழே செய்தியாக மாற்றும் நுழைவாயில் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. எதிரி தேடுவதும் அதைத்தான். எனவே அதே மென்பொருள் இரண்டாவது வாகனம் ஒன்றிலும், சில கிலோமீட்டர் தள்ளி, அலைபரப்பாமல் முதல் வாகனத்தின் ஒலிபரப்பைக் கேட்டுத் தன் களநிலைப் படத்தைப் புதுப்பித்தபடி நிற்க வேண்டும். முதல் வாகனத்தின் கடைசிச் செய்தி ஊசிப்போகும் நேரத்தைத் தாண்டினால், இரண்டாவது பேசத் தொடங்கும்.